அளவறிந்து நசுங்குதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



ஒரு பொருளின் வலிமை என்றாலே, 'எவ்வளவு தாங்கும்?' என்றுதான் கேட்போம். பாலத்துக்கும் தூணுக்கும் அது சரியான கேள்வி. இன்றைய உரையின் பொருள்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல், விமான ஓடுபாதையின் கடைசியில் பதித்த நுரைச் சிமெண்ட், நிலவில் இறங்கிய கலத்தின் கால்களுக்குள் திணித்த அலுமினியத் தேன்கூடு ஆகிய மூன்றும் தாங்குவதற்காக வைக்கப்பட்டவை அல்ல, நசுங்குவதற்காக வைக்கப்பட்டவை. எந்த விசையில் நசுங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை.

இவ்வுரை சொல்ல வருவது ஒன்றுதான். நுரைப்பொருளின் பயன் அதன் மென்மையிலும் இல்லை, வலிமையிலும் இல்லை. தனக்குப் பின்னால் இருப்பதன் மீது இவ்வளவுக்கு மேல் விசை போகவிடாமல் அது ஒரு வரம்பு கட்டுகிறது. பயன் அதில்தான் இருக்கிறது. மின்சுற்றில் ஃபியூஸ் பார்க்கும் வேலையை மோதலில் நுரை பார்க்கிறது. அந்த வரம்பு எப்படி உண்டாகிறது, யார் அதைத் தீர்மானிக்கிறார்கள், எப்போது அது கைவிட்டுப் போகிறது என்பதை ஏழு குறிப்புகளில் பார்க்கலாம்.

1. பெரும்பகுதி காற்று

1665இல் லண்டனில் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' நூலுக்காக ராபர்ட் ஹூக் ஒரு தக்கையைக் கூர்மையான கத்தியால் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே சின்னச் சின்ன அறைகள். அங்குலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்துக்குள் சுமார் 60 அறைகளை எண்ணினார். அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 1,080. ஒரு கன அங்குலத்துக்கு 125 கோடிக்கும் மேல். உயிரியல் மாணவர்கள் அவரைச் செல்லுக்குப் பெயர் வைத்தவராக அறிவார்கள். ஆனால் அன்று அவர் விடை தேடியது தக்கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, அமுக்கினால் ஏன் அமுங்கி மறுபடி எழுகிறது என்ற கேள்விகளுக்கு. அறைகளுக்குள் அடைபட்ட காற்றைக் கொண்டு அவர் விளக்கம் சொன்னார்.

இன்றைய கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நுரையின் அடர்த்தியை, அதன் சுவர் எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளின் அடர்த்தியால் வகுத்துக்கொள்ள வேண்டும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கன மீட்டருக்கு 1,050 கிலோ. டிவிப் பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் சுமார் 20 கிலோ. அதாவது 2 சதவீதம்தான் பொருள், மீதி 98 சதவீதம் காற்று. ஹெல்மெட்டுக்குள் இருப்பது சுமார் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் விகிதம் ஏறக்குறைய 6 சதவீதம். இந்த விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டினால் அதை நுரை என்று சொல்ல முடியாது; அங்கங்கே ஓட்டை விழுந்த திடப்பொருள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நுரையைப் பற்றி ஒரே ஓர் எண்தான் கேட்க முடியும் என்றால், கேட்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான்.

2. வரைகோட்டின் மூன்று பகுதிகள்

அலுமினியத்தையும் நுரைக்க வைக்கலாம். ஜப்பானின் ஷிங்கோ ஒயர் நிறுவனம் உருவாக்கிய 'அல்போராஸ்' அப்படிப்பட்டது. உருகிய அலுமினியத்தில் சிறிது கால்சியம் சேர்த்துக் கிளறினால் குழம்பு கெட்டிப்படும். அதில் டைட்டானியம் ஹைட்ரைடு தூளைக் கலந்தால், சுமார் 680 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஹைட்ரஜன் பிரிந்து உலோகம் பொங்கி எழும். ஆறியதும் அறுத்துக்கொள்ளலாம். பத்தில் ஒரு பங்குதான் உலோகம்.

அதில் 5 செ.மீ. கனசதுரம் ஒன்றை அறுத்து ஆய்வுக்கூடத்தின் அமுக்க எந்திரத்தில் வைக்கலாம். மேல்தட்டு மெதுவாக இறங்குகிறது. திரையில் கோடு முதலில் நேராக ஏறுகிறது. அறைச் சுவர்கள் லேசாக வளைகின்றன, அவ்வளவுதான். சதுர செ.மீ.க்குப் பதினைந்து, இருபது கிலோ என்று விசை வரும்போது ஏறுவது நின்றுவிடுகிறது. கனசதுரத்தின் பக்கவாட்டை உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும். எங்கோ சுவர் மெலிந்த ஒரு வரிசை அறைகள் மட்டும் தட்டையாகி, குறுக்கே ஒரு பட்டையாகத் தெரிகின்றன. மற்ற அறைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டு இன்னும் இறங்கியதும் அந்தப் பட்டைக்குப் பக்கத்து வரிசை விழுகிறது. பிறகு வேறோர் இடத்தில் இன்னொரு பட்டை. இப்படி வரிசை வரிசையாக விழுந்துகொண்டே போகும்போது விசை சற்று ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் அதே அளவில் நிற்கிறது. கனசதுரம் பாதி உயரத்துக்கும் கீழே போன பிறகுதான், எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றோடொன்று முட்டி, கோடு செங்குத்தாக ஏறத் தொடங்கும்.

ஏற்றம், சமதளம், மறுபடி ஏற்றம். தக்கை, ரப்பர் நுரை, நுரைச் சிமெண்ட், பஞ்செலும்பு என எதை நசுக்கினாலும் இந்த வடிவம்தான் வருகிறது. சமதளத்துக்குக் கீழே உள்ள பரப்புதான் நுரை விழுங்கும் ஆற்றல்.

வெவ்வேறு பொருள்களுக்கு ஏன் ஒரே வடிவம் என்பதை எளிய கணக்கில் கொண்டுவந்தவர்கள் லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும். 1982இல் ராயல் சொசைட்டி ஆய்விதழில் வந்த அவர்கள் கட்டுரையும், 1988இல் வந்த 'செல்லுலார் சாலிட்ஸ்' நூலும் இத்துறையின் அடிப்படைப் பாடங்கள். நுரையின் சுவர்கள் நேராக அமுங்குவதில்லை, வளைகின்றன என்பது அவர்கள் பிடித்த நுனி. வளைவதால்தான் காற்றைக் கூட்டக் கூட்டப் பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது. உலோக நுரைக்கு அவர்கள் தந்த சூத்திரத்தில் அடர்த்தி விகிதத்தின் ஒன்றரை அடுக்கை 0.3ஆல் பெருக்க வேண்டும். விகிதம் பத்தில் ஒன்று என்றால் விடை ஏறக்குறைய 0.01. பத்தில் ஒரு பங்கு உலோகம், நூற்றில் ஒரு பங்கு பலம்.

கட்டடக்காரருக்கு இது நஷ்டக் கணக்கு. மோதலைத் தணிக்க நினைப்பவருக்கோ, பலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கீழே இறக்கிவைக்க உதவும் திருகு.

3. நசுங்குவதில் மூன்று வகை

கோட்டின் வடிவம் ஒன்றானாலும் உள்ளே நடப்பது ஒன்றல்ல. மெத்தையில் இருக்கும் நுரையில் சுவர்கள் நெளிந்து படுக்கின்றன. கையை எடுத்தால் எழுந்துவிடுகின்றன. வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடுவதால் உட்காரச் சுகம், மோதலுக்கு ஆகாது. அலுமினிய நுரையில் சுவர்கள் மூலைகளில் கீல் போல மடங்கி அப்படியே நின்றுவிடும். நுரைச் சிமெண்டில் சுவர்கள் உடைந்து பொடியாகும்.

பொடியாவதில் என்ன பயன் என்பதற்கு நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் சாட்சி. 1984 பிப்ரவரியில் அங்கே தரையிறங்கிய ஸ்கேண்டினேவியன் ஏர்லைன்ஸின் டிசி-10 விமானம் ஓடுபாதையைத் தாண்டி நீர்நிலையில் போய் விழுந்தது. அதற்குப் பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மேற்கொண்ட ஆய்வுகளின் விளைவாக, 1996இல் அதே நிலையத்தில் ஓடுபாதையின் முனையில் நுரைச் சிமெண்ட் கட்டிகளை வரிசையாகப் பதித்தார்கள். தாண்டி வரும் விமானத்தின் சக்கரம் கட்டிகளுக்குள் அமுங்கும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் நுரை ஓயாமல் பொடிந்துகொண்டே இருக்கும். பொடிக்கும் வேலைக்கே விமானத்தின் வேகம் செலவாகிவிடும். பொடிந்த சிமெண்ட் எழும்பி விமானத்தைத் திருப்பித் தள்ளுவதில்லை.

1999இல் ஒரு சாப் 340, 2003இல் ஒரு எம்டி-11, 2005இல் ஒரு போயிங் 747 என மூன்று விமானங்களைக் கென்னடி நிலையத்தின் நுரைப்படுகை நிறுத்தியிருக்கிறது. 2016 அக்டோபரில், அப்போது துணை அதிபர் வேட்பாளராக இருந்த மைக் பென்ஸ் வந்த போயிங் 737, பக்கத்து லாகார்டியா நிலையத்தில் ஓடுபாதையைத் தாண்டி இதே மாதிரிப் படுகையில் நின்றது. யாருக்கும் காயமில்லை. ஓடுபாதைக்கு அப்பால் 1,000 அடிப் பாதுகாப்பு நிலம் விட இடமில்லாத நிலையங்களுக்கு இது மாற்று ஏற்பாடு.

நம் பக்கத்தில் மங்களூரும் கோழிக்கோடும் மேட்டுநில ஓடுபாதைகள். 2010 மே மாதம் மங்களூரில் 158 பேரும், 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் 21 பேரும் இறந்த விபத்துகளுக்குப் பின் இந்தியாவிலும் நுரைப்படுகை பற்றிய பேச்சு எழுந்தது.

4. வரம்பை வைப்பது பொருளல்ல, பாதுகாக்கப்படுவது

நுரைப்படுகையின் கட்டி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? மிகவும் கெட்டியானால் சக்கரம் அமுங்காமல் மேலேயே உருண்டு போய்விடும், அல்லது அடிபட்டுச் சக்கரத்தாங்கியே ஒடிந்துவிடும். மிகவும் இளகினால் விமானம் நிற்காது. ஆக, கட்டியின் பலத்தைத் தீர்மானிப்பது சிமெண்ட் அல்ல. சக்கரத்தாங்கி தாங்கக்கூடிய விசை. 70 நாட், அதாவது மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் ஓடுபாதையைத் தாண்டும் விமானத்தை நிறுத்துவது என்பதை இலக்காக வைத்துக்கொண்டு, எந்தெந்த விமானங்கள் அங்கே வரும் என்று பார்த்துப் படுகையை வடிவமைக்கிறார்கள்.

ஹெல்மெட்டிலும் அதே நியாயம்தான். கடையில் ஹெல்மெட் வாங்குபவர் உட்புறத்தை விரலால் அழுத்திப் பார்த்து, 'நல்ல கெட்டி' என்று திருப்தி அடைவதுண்டு. அழுத்திப் பார்க்க வேண்டியது விரலால் அல்ல, மண்டையோட்டால். எந்த விசையில் தலைக்கு ஆபத்து தொடங்குமோ அதற்கு முன்பே தெர்மாகோல் நசுங்கத் தொடங்க வேண்டும். அளவுக்கு மீறிக் கெட்டியான நுரை சோதனை எந்திரத்தில் பார்க்க அழகாக இருக்கும். தலைக்குள் இருப்பதைக் காப்பாற்றாது.

நம் முதுகெலும்புக் கண்ணிகளுக்குள் இருக்கும் பஞ்செலும்பும் ஒரு நுரைதான். அதன் பலம் அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது என்று கார்ட்டரும் ஹேஸும் 1977இல் காட்டினார்கள். அடர்த்தி பாதியானால் பலம் கால்வாசி. எலும்புப்புரை வந்த மூதாட்டி குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்புக் கண்ணி நசுங்கிப்போவது இதனால்தான். கண்ணியின் முன்பக்கம் ஆப்பு வடிவில் தாழ்ந்து, முதுகு கூன் விழுகிறது. சமதளம் தொடங்கும் விசை, அன்றாட வேலையின் விசைக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதுதான் இயந்திரவியல் பாஷையில் அதற்குப் பொருள்.

நுரை இருக்கும் இடமெல்லாம் அதிர்ச்சி தாங்கி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மரங்கொத்தியின் மண்டையில் உள்ள பஞ்செலும்பு மூளைக்கு மெத்தை என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அதைப் பார்த்து ஹெல்மெட் வடிவமைத்தவர்களும் உண்டு. 2022இல் பெல்ஜியத்தின் சாம் வான் வாசன்பெர்க்கும் சகாக்களும் அதிவேகப் படப்பதிவுகளை அலசி, அந்த மண்டை விறைப்பான சுத்தியல் போலவே நடந்துகொள்கிறது என்று காட்டினார்கள். கொத்தும் வேகத்தைப் பஞ்செலும்பு விழுங்கிவிட்டால் மரத்தில் ஓட்டை விழுவது எப்படி?

5. விசைக்கு வரம்பு வேண்டுமென்றால் இடம் கொடுக்க வேண்டும்

1.8 மீட்டர் உயரத்திலிருந்து தலை விழுகிறது என்று கொள்வோம். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர். வெறுந்தலை கான்கிரீட்டில் மோதி 2 மி.மீ. தூரத்துக்குள் நின்றால், அது உணரும் சராசரி வேகத்தடை புவியீர்ப்பைப்போல் 900 மடங்கு. விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தாலே இந்த விடை வந்துவிடும். நுரை 2 செ.மீ. நசுங்கி நிறுத்தினால் அதுவே 90 மடங்காகிவிடும்.

இது கணக்குப் புத்தகத்து விடை. உண்மையில் தலை உருண்டை. நசுங்க நசுங்கத் தொடும் பரப்பு விரிந்துகொண்டே போகும். ஹெல்மெட்டின் வளைவு ஆரம் 12 செ.மீ. என்றால், 2 செ.மீ. நசுங்கும்போது தொடும் பரப்பு சுமார் 140 சதுர செ.மீ. தெர்மாகோல் சதுர செ.மீ.க்கு 6 கிலோ விசையில் நசுங்குவது என்றால் மொத்தம் 840 கிலோ. 5 கிலோ எடையுள்ள தலைக்கு அது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 170 மடங்கு. பொருள் தன் சமதளத்தைக் காப்பாற்றினாலும், அதற்குக் கொடுத்த வடிவம் உச்ச விசையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் 250 மடங்கு வரையும், அமெரிக்கத் தரம் 300 மடங்கு வரையும் அனுமதிப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தடிமன் போதாமல் தெர்மாகோல் முழுக்க அமுங்கிவிட்டால் மூன்றாம் கட்டத்துக்குள் நுழைந்துவிடுவோம். அந்த நொடியில் ஹெல்மெட் நுரையாக இருப்பதில்லை, கட்டிப் பிளாஸ்டிக். விசை ஒரே தாவலாக எகிறும். பாதி மண்டையை மட்டும் மூடும் மெல்லிய தொப்பிகளில் உள்ள கோளாறு இதுதான்.

இயற்கை இடத்தில் கஞ்சத்தனம் பார்க்காத ஓர் உதாரணம் பம்பளிமாஸ். கிலோக் கணக்கில் எடையுள்ள பழம், உயர்ந்த மரத்திலிருந்து விழுகிறது. தோலுக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ. தடிமனுக்கு வெள்ளையான நுரைச்சதை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் இந்தப் பழங்களைச் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தபோதும் வெளியே பிளவு விழவில்லை. தோலுக்கு அருகில் அறைகள் நெருக்கமாகவும் உள்ளே போகப் போகத் தளர்வாகவும் இருக்கின்றன. படிப்படியாக மாறும் இந்த அடர்த்தியைப் பார்த்து உலோக நுரைகளை வார்க்க முயன்றிருக்கிறார்கள்.

6. வேகம் எல்லாவற்றையும் மாற்றும்

2003 ஜனவரி 16ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டு 82 நொடிகள் ஆவதற்குள், வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. கன மீட்டருக்கு 40 கிலோகூட இல்லாத பாலியூரிதேன் நுரை. துண்டின் எடை முக்கால் கிலோ அளவு. கையால் அழுத்தினாலே பள்ளம் விழும் அது, கார்பனால் ஆன கவசத்தை என்ன செய்துவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி, திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தார்கள்.

மோதிய வேகம் நொடிக்குச் சுமார் 240 மீட்டர். அந்த வேகத்தில் முக்கால் கிலோ நுரை சுமக்கும் ஆற்றல், ஒரு டன் கார் மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் வருவதற்குச் சமம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. நசுங்கும் நுரையையும் நொடிப்பொழுதில் நிறுத்தியாக வேண்டும். அதற்குத் தேவையான அழுத்தம் அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். ஹெல்மெட்டின் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இது சதுர செ.மீ.க்கு 20 கிராம் எடை அளவு. 6 கிலோ சமதளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. 240 மீட்டரிலோ அது சதுர செ.மீ.க்கு 22 கிலோ. சாதாரணமாகச் சில கிலோவிலேயே நசுங்கிவிடும் நுரைக்கு அதன் சொந்த வரம்பு அங்கே பொருளற்றுப்போகிறது.

2003 ஜூலை 7ஆம் தேதி டெக்சாஸில் உள்ள சவுத்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்தில், அதே எடையுள்ள நுரைத்துண்டை அதே அளவு வேகத்தில் வாயுத் துப்பாக்கியால் இறக்கைக் கவசத்தின் மீது சுட்டார்கள். ஏறக்குறைய 40 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

வேகம் இன்னும் பல மடங்கு கூடினாலும் வேலை பார்க்கும் பொருள் உண்டு. ஆனால் அதைக் காற்றுக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். 2004 ஜனவரியில் வைல்டு 2 வால்மீனைக் கடந்த ஸ்டார்டஸ்ட் கலம், நொடிக்கு 6.1 கி.மீ. வேகத்தில் வந்த தூசுகளைச் சிலிக்கா ஏரோஜெல்லில் பிடித்தது. முகப்பில் அடர்த்தி குறைவு, உள்ளே போகப் போகக் கூடுதல். துகள்கள் கேரட் வடிவில் தடம் போட்டுக்கொண்டு உள்ளே போய் நின்றன. 2006 ஜனவரியில் அவை பூமிக்கு வந்து சேர்ந்தன.

7. ஒருமுறைக்குத்தான், ஆனால் சாட்சி சொல்லும்

அப்போலோ நிலாக்கலத்தின் நான்கு கால்களிலும் எண்ணெய் அடைத்த தணிப்பான்கள் இல்லை. உள்குழாய் வெளிக்குழாய்க்குள் இறங்கும்போது நசுங்கும் அலுமினியத் தேன்கூட்டுக் கட்டிகள்தான் இருந்தன. கடும் வெப்பத்திலும் குளிரிலும் கசிவதற்கு ஒன்றுமில்லை, எடையும் குறைவு. நிலவில் ஒரே ஒருமுறைதான் இறங்கப்போகிறார்கள் என்பதால் மறுபடி எழும் பொருளும் தேவையில்லை. கால்கள் முழுக்க அமுங்கினாலும் ஏணி தரையில் இடித்துவிடக் கூடாதென்று அதன் கடைசிப் படியை மேலேயே விட்டிருந்தார்கள். 1969 ஜூலை 20ஆம் தேதி நீல் ஆம்ஸ்ட்ராங் கலத்தை மிக மெதுவாக இறக்கியதால் தேன்கூடு அவ்வளவாக நசுங்கவில்லை. கடைசிப் படிக்கும் பாதத்தட்டுக்கும் நடுவே சுமார் மூன்றடி இடைவெளி அப்படியே நின்றது. கீழே குதித்த அவர், திரும்ப ஏற முடிகிறதா என்று முதலில் மேலே தாவிப் பார்த்துக்கொண்டார்.

நசுங்காத தேன்கூடு அன்று இறங்கிய வேகத்துக்குச் சாட்சி. நசுங்கிய தெர்மாகோலும் அப்படியே. விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டை அறுத்து, தடிமன் எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, மோதல் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் நடந்தது என்று ஆய்வாளர்கள் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். பர்மிங்காமில் பணியாற்றிய நைஜல் மில்ஸ் இந்த வகை ஆய்வில் முன்னோடி. ஒருமுறை பலமாக விழுந்த ஹெல்மெட்டை, வெளி ஓட்டில் கீறல் இல்லாவிட்டாலும் மாற்றச் சொல்வதற்குக் காரணமும் அதுவே. அந்த இடத்தில் சமதளம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அடுத்த அடி நேராக மூன்றாம் கட்டத்தில்தான் விழும்.

மாணவர்களின் கவனத்துக்கு ஒன்று. இதுவரை பேசியதெல்லாம் நேராக அமுக்கும் விசை பற்றியது. பைக்கிலிருந்து விழுபவரின் தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் தரையில் படுகிறது, தேய்த்துக்கொண்டு சுழல்கிறது. சுழற்சி மூளைத் திசுவை இழுத்துத் திரிக்கும். அதற்கு வரம்பு கட்ட, நேராக நசுங்கும் சமதளம் மட்டும் போதாது. ஸ்வீடனின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் பீட்டர் ஹால்டினும் உருவாக்கிய மிப்ஸ் ஏற்பாட்டில், தெர்மாகோலுக்கும் தலைக்கும் நடுவே வழுக்கி நகரும் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பிய விதிமுறையின் 22.06 பதிப்பு, சாய்ந்த பரப்பில் மோதவைத்துச் சுழற்சியை அளக்கும் சோதனையைச் சேர்த்திருக்கிறது. ஒரே நுரை அழுத்தத்துக்கு ஒரு வரம்பும் சறுக்கலுக்கு இன்னொரு வரம்பும் காட்டும்படி அறைகளை எப்படி அடுக்குவது என்பது, இந்த அரங்கில் இருப்பவர்கள் எடுத்துச் செய்யக்கூடிய ஆய்வு.